டெட் தாக்குதல்: மக்கள் கருத்து ஒரே இரவில் மாறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியட்நாம் போரைப் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை பினாங்கில் பலரும் படித்துப் பேசிய கட்டுரை. ஆசிரியர்களும் மேல்நிலை மாணவர்களும் அதைப் புலனக் குழுக்களில் பகிர்ந்தார்கள். அதனாலேயே அதில் உள்ள ஒரு கருத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. வியட்நாமியப் புத்தாண்டான டெட்டை ஒட்டி 1968-இல் கம்யூனிஸ்டுப் படைகள் தென் வியட்நாமில் நடத்திய டெட் தாக்குதலைத் தொலைக்காட்சியில் கண்ட அமெரிக்க மக்கள் ஒரே இரவில் போருக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள் என்ற பொருளில் கட்டுரை முடிகிறது. நடந்தது அப்படி அல்ல. தாக்குதல் நடந்த முதல் நாட்களில் போரைத் தீவிரப்படுத்த வேண்டும் என்ற குரல்தான் ஓங்கியது. அந்தக் குரல் உடைந்தது ஆறு வாரம் கழித்து. உடைத்ததும் தாக்குதல் மட்டும் அல்ல. அதற்கு முன்பு அரசாங்கம் மக்களிடம் சொன்னதும், அதற்குப் பின்பு அரசாங்கம் மக்களிடம் கேட்டதும் சேர்ந்துதான் உடைத்தன. இந்த வரிசை மாறினால் பாடமும் மாறிவிடும்.

முதலில் தாக்குதலைப் பார்ப்போம். 1968 ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை. நம் ஊரில் அது சீனப் பெருநாளின் முதல் நாள். தென் வியட்நாமில் அதே நாள்தான் டெட். பெருநாளுக்காகப் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டிருந்தது. தென் வியட்நாம் ராணுவத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் வட வியட்நாம் படையும், தெற்கில் இயங்கிய வியட்கொங் என்ற கம்யூனிஸ்டுப் போராளிகளுமாகச் சுமார் 80,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களையும் ஊர்களையும் தாக்கினார்கள். 44 மாகாணத் தலைநகரங்களில் 36 தாக்குதலுக்கு உள்ளாயின.

பஞ்சாங்கக் கணக்கு அறிந்தவர்கள் ரசிக்கக்கூடிய ஒரு விவரம் இதில் உண்டு. வட வியட்நாம் 1967-இல் தன் நாட்காட்டிக் கணக்கைப் புதிய நேர மண்டலத்துக்கு மாற்றிக்கொண்டது. 1968 புத்தாண்டுக்கான அமாவாசை நள்ளிரவை ஒட்டி வந்ததால், ஒரு மணி நேர வித்தியாசத்தில் வடக்கே பெருநாள் ஜனவரி 29-லும் தெற்கே ஜனவரி 30-லும் விழுந்தது. மத்திய வியட்நாமில் இருந்த படைப்பிரிவுகள் ஒரு நாள் முந்தி, 30-ஆம் தேதி அதிகாலையிலேயே, டா நாங், நா ட்ராங், பிளேக்கு போன்ற இடங்களைத் தாக்கிவிட்டன. பெரிய அலை 31-ஆம் தேதி அதிகாலையில் வந்தது. இந்த ஒரு நாள் இடைவெளி அமெரிக்கப் படைக்கு எச்சரிக்கையாக அமைந்தது. உஷார் உத்தரவு போனது. ஆனால் விடுப்பில் போனவர்களை ஒரே நாளில் திருப்பி அழைக்க முடியவில்லை.

முழுமையாக எதுவும் தெரியாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. சைகோனைச் சுற்றியிருந்த பகுதிக்குப் பொறுப்பான அமெரிக்க ஜெனரல் ஃபிரெடரிக் வேயண்ட், எல்லைப் பக்கம் அனுப்பிய பட்டாலியன்களில் பலவற்றை ஜனவரி நடுவிலேயே தலைநகரை நோக்கித் திருப்பிக் கொண்டுவந்தார். குயி நோன் நகரில் பிடிபட்டவர்களிடம், மக்களை எழுச்சிக்கு அழைக்கும் ஒலிநாடாக்கள் தாக்குதலுக்கு முன்பே கிடைத்தன. ஆனாலும் வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதி வெஸ்ட்மோர்லண்டின் கவனம் ஜனவரி 21 முதல் முற்றுகையில் இருந்த கே சான் தளத்தின் மேல்தான் இருந்தது. ஏதோ வரும் என்று தெரிந்திருந்தது. இத்தனை இடங்களில், ஒரே நேரத்தில், நகரங்களுக்குள்ளேயே வரும் என்று எதிர்பார்க்கவில்லை. திடீர்த் தாக்குதல்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. தகவல் கையில் இருக்கும், அதன் அளவை நம்ப மனம் வராது.

களத்தில் இந்தத் தாக்குதல் தன் இலக்கை அடையவில்லை. பெரும்பாலான ஊர்கள் சில நாட்களில் மீட்கப்பட்டன. ஹுவே நகரம் மட்டும் ஏறத்தாழ நான்கு வாரம் எரிந்தது. தென் வியட்நாம் மக்கள் திரண்டு எழுவார்கள் என்று ஹனோயில் வட வியட்நாம் அரசு போட்ட கணக்கு பொய்த்தது. வியட்கொங் இழந்த உயிர்கள் மிக அதிகம். அப்படியிருந்தும் அது அமெரிக்க அரசியலை எப்படிப் புரட்டியது என்பதுதான் கேள்வி.

விடையின் பாதி 1967-லேயே இருக்கிறது. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசாங்கம், போர் வெற்றிப் பாதையில் போகிறது என்று மக்களை நம்பவைக்க ஒரு பெரிய பிரசாரமே நடத்தியது. வெஸ்ட்மோர்லண்டை வாஷிங்டனுக்கு வரவழைத்தார்கள். நவம்பர் 21-ஆம் தேதி தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் அவர், போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்ற பொருளில் பேசினார். அதே காலத்தில் எதிரியின் பலத்தை எப்படி எண்ணுவது என்று ராணுவத்துக்கும் மத்திய உளவுத்துறைக்கும் இடையே கடும் சண்டை நடந்தது. கிராமத் தற்காப்புப் படையினரைக் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை எகிறிவிடும், அதைப் பத்திரிகைகள் பிடித்துக்கொள்ளும் என்று ராணுவம் அஞ்சியது. கடைசியில் அவர்களை விட்டுவிட்டே மொத்தம் வெளியிடப்பட்டது. எதிரி தேய்கிறான் என்று காட்டிய அந்த எண்ணோடுதான் மக்கள் 1968-க்குள் வந்தார்கள்.

இனி அந்த இரவுக்கு வருவோம். 31-ஆம் தேதி அதிகாலை ஏறத்தாழ 2.47-க்கு, இருபது பேருக்கும் குறைவான ஒரு சிறு வெடிப்புப் படை சைகோன் அமெரிக்கத் தூதரகத்தின் மதிலைத் தகர்த்து வளாகத்துக்குள் நுழைந்தது. உள்ளே இருந்த மெரின் காவலர் கட்டடத்தின் கனமான தேக்குக் கதவை அடைத்துவிட்டார். தாக்கியவர்கள் தோட்டத்தில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் சண்டை போட்டார்களே தவிர, பிரதான அலுவலகக் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. ஐந்து அமெரிக்கக் காவலர்கள் உயிரிழந்தார்கள். ஆனால் கட்டடத்தின் கீழ்த்தளமே வியட்கொங் கையில் என்றுதான் முதல் செய்தி உலகம் முழுக்கப் போனது.

அந்தப் பிழைக்குக் கடிகாரம் ஒரு காரணம். சைகோன் நேரம் வாஷிங்டனைவிட 13 மணி நேரம் முந்தியது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் 30-ஆம் தேதி மாலை ஆறரை மணிச் செய்தி ஒளிபரப்பானபோது சைகோனில் 31-ஆம் தேதி காலை ஏழரை. வளாகம் முழுவதும் மீட்கப்பட்டதாக அறிவித்தது காலை ஒன்பதேகால் அளவில். சண்டை முடியும் முன்பே செய்தி வீட்டுக்குள் போய்விட்டது. இன்னொரு காரணம், தெருவில் பதுங்கியிருந்த நிருபர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. இருட்டில், பக்கத்தில் நின்ற ராணுவப் போலீசார் சொன்னதைத்தான் அனுப்பினார்கள். வளாகம் வேறு, கட்டடம் வேறு என்ற வித்தியாசம் அந்த அவசரத்தில் தொலைந்தது. காலையில் வெஸ்ட்மோர்லண்ட் அதே தோட்டத்தில் நின்று, எதிரி கட்டடத்துக்குள் நுழையவில்லை என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்பு முடிவு தெரிகிறது என்று சொன்ன அதே மனிதர், உடல்கள் இன்னும் அகற்றப்படாத தோட்டத்தில் நின்று சொன்னதால் அந்த உண்மையையும் பலர் நம்பவில்லை. நம்பிக்கை முன்பே செலவாகிவிட்டால், பிறகு உண்மையைச் சொல்லவும் கையிருப்பு இருக்காது.

இப்போது எண்கள். உங்கள் கட்டுரை தவறிய இடம் இதுதான்.

வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்ற ஒரே கேள்வியைக் கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக் கணிப்பு நிறுவனம் 1965 முதல் திரும்பத் திரும்பக் கேட்டது. 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 விழுக்காடு. 1967 அக்டோபரில், அதாவது டெட்டுக்கு மூன்று மாதம் முன்பே, அது 47 அளவுக்கு ஏறி, தவறில்லை என்றவர்களைத் தாண்டியிருந்தது. டிசம்பரில் 45. டெட் தாக்குதல் தொடங்கிய கையோடு, பிப்ரவரித் தொடக்கத்தில், சுமார் 46. பிப்ரவரி இறுதியில் 49. ஆகஸ்டில் 53. இதில் ஒரே இரவு எங்கே இருக்கிறது? 1,500 பேரிடம் எடுக்கும் கணிப்பில் இரண்டரை விழுக்காடு முன்பின்னாகப் போவது சாதாரணம். இரண்டு கணிப்புகளை ஒப்பிடும்போது மூன்றரை வரை வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். ஆகவே 45, 46 ஆனதை மாற்றம் என்று சொல்லவே முடியாது.

போரை மேலும் தீவிரப்படுத்த வேண்டும் என்பவர் பருந்து, குறைக்க வேண்டும் என்பவர் புறா, நீங்கள் எந்தப் பக்கம் என்று அதே நிறுவனம் இன்னொரு கேள்வியும் கேட்டது. 1967 டிசம்பரில் பருந்துகள் 52 விழுக்காடு. டெட்டுக்குப் பிறகு, பிப்ரவரி முதல் வாரத்தில், 61. கைதி ஒருவரை தென் வியட்நாம் காவல்துறைத் தலைவர் சைகோன் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லும் புகழ்பெற்ற படம் எடுக்கப்பட்டது பிப்ரவரி 1. அந்தப் படம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த நாட்களிலும் பருந்துகள் கூடினார்களே ஒழியக் குறையவில்லை. பிப்ரவரி இறுதியில்கூட 58. பிறகு மார்ச் நடுவில் திடீரென்று 41, புறாக்கள் 42. இந்தச் சரிவு உண்மையானது, எந்தப் பிழை விளிம்பும் இதை விழுங்க முடியாது. ஆனால் தேதியைக் கவனியுங்கள்.

பிப்ரவரி இறுதிக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் என்ன நடந்தது? பிப்ரவரி 27-இல் சி.பி.எஸ். செய்தியாளர் வால்டர் கிரான்கைட், போர் முட்டுக்கட்டையில் சிக்கிக் கிடக்கிறது என்று சிறப்பு நிகழ்ச்சியில் சொன்னார். அதைப் பார்த்து ஜான்சன் மனமுடைந்து, கிரான்கைட்டை இழந்தால் நடுத்தர அமெரிக்காவையே இழந்தேன் என்று பேசியதாக ஒரு வசனம் இன்றும் எல்லா இடத்திலும் உலவுகிறது. அன்று மாலை ஜான்சன் டெக்சஸில் ஒரு பிறந்தநாள் விழாவில் இருந்தார். நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது அவர் தொலைக்காட்சி முன் இல்லை. அந்த வசனத்தை எதிர்காலக் கட்டுரைகளில் தவிர்த்துவிடுவது நல்லது.

அதைவிடப் பலமான அடி மார்ச் 10-ஆம் தேதி விழுந்தது. வெஸ்ட்மோர்லண்டுக்காக மேலும் 206,000 வீரர்கள் கேட்கப்பட்டிருக்கிறார்கள் என்ற ரகசியத்தை அன்றைய நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஏற்கெனவே அங்கே சுமார் ஐந்து லட்சம் பேர் இருந்தார்கள். அதற்கு மேல் இன்னும் நாற்பது விழுக்காடு. டெட்டில் எதிரியை நொறுக்கிவிட்டோம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த வாரங்களில்தான் இந்தக் கோரிக்கையும் மேசையில் இருந்தது. ஜெயித்தவர்களுக்கு எதற்கு இன்னும் இரண்டு லட்சம் பேர்? இந்தக் கேள்விக்குப் போர் நிபுணர் தேவையில்லை, பிள்ளையைப் படைக்கு அனுப்பிய எந்தத் தாயும் கேட்பாள். பிப்ரவரி 11 முதல் 17 வரையிலான ஒரே வாரத்தில் 543 அமெரிக்கர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், அதுவரை எந்த வாரத்திலும் இல்லாத எண்ணிக்கை.

போரை நடத்தும் விதத்தில் ஜான்சனை ஏற்றவர்கள் ஜனவரியில் 39 விழுக்காடு, மார்ச்சில் 26. அவரது மொத்தச் செயல்பாட்டை ஏற்றவர்கள் 48-லிருந்து 36-க்கு இறங்கினார்கள். போர் வேண்டாம் என்றவர்கள் மட்டும் இந்தச் சரிவை உண்டாக்கவில்லை. போரை அரைமனத்தோடு நடத்துகிறார் என்று கோபப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். மார்ச் 12-இல், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சி நடத்திய நியூ ஹாம்ப்ஷயர் முதல்நிலைத் தேர்தலில் போர் எதிர்ப்பாளர் யூஜின் மெக்கார்த்தி 42 விழுக்காடு வாங்கினார், ஜான்சன் 49. உலகமே அதைச் சமாதானத்துக்கு விழுந்த வாக்கு என்று படித்தது. பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களில் பருந்துகள்தான் மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் அதிகம் இருந்தார்கள். ஆதரவு சரிந்தது என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மக்கள் என்ன விரும்பினார்கள் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

பொதுமக்களைவிட வேகமாக மாறியது மேல்தட்டு. 1967 நவம்பரில் ஜான்சனின் போக்கை ஆதரித்த மூத்த ஆலோசகர் குழு, முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்செசன் உட்பட, 1968 மார்ச் 25, 26 தேதிகளில் கூடியபோது விலகும் வழியைத் தேடச் சொன்னது. மார்ச் 1-இல் பாதுகாப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற கிளார்க் கிளிஃபோர்டு, கூடுதல் படை வந்தால் எப்போது முடியும் என்று தளபதிகளிடம் கேட்டும் உருப்படியான பதில் பெறவில்லை. மார்ச் 31-இல் ஜான்சன் குண்டுவீச்சைக் குறைத்து, மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார்.

எதிர்பாராத தாக்குதல் நடந்தாலே மக்கள் போரை வெறுப்பார்கள் என்ற விதி எங்கும் இல்லை. 1941 டிசம்பர் 7-இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட மறுநாள், போர் அறிவிப்புக்கு எதிராக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் விழுந்தது ஒரே ஒரு வாக்கு. 1973 அக்டோபர் 6-இல் எகிப்தும் சிரியாவும் தாக்கியபோது இஸ்ரேலியர் முதலில் அரசாங்கத்தின் பின்னால்தான் நின்றார்கள். அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் டிசம்பர் 31-க்குத் தள்ளிப்போனது. ஆளும் அணி 56 இடத்திலிருந்து 51-க்கு இறங்கியும் ஆட்சியை இழக்கவில்லை. விசாரணை ஆணையத்தின் இடைக்கால அறிக்கை ஏப்ரலில் வந்த பிறகுதான் பிரதமர் கோல்டா மேயர் பதவி விலகினார். முதலில் கொடிக்குக் கீழே கூட்டம் சேரும். பொறுப்பு யாருடையது என்ற கணக்கு பிறகுதான் தொடங்கும்.

பினாங்குக்காரர்களுக்கு இந்த விஷயம் தூரத்து வரலாறு அல்ல. 1941 டிசம்பர் 8 நள்ளிரவு தாண்டி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மேல் விமானங்கள் வந்தபோது மக்கள் ஓடி ஒளியவில்லை, தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பிரிட்டிஷார் காப்பார்கள் என்று அத்தனை காலம் சொல்லி வைத்திருந்தார்கள். தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை. பிறகு ஐரோப்பியர்கள் ரகசியமாகத் தீவைவிட்டு அகற்றப்பட்டார்கள், கடைசித் தொகுதி 16-ஆம் தேதி இரவு போனது. ஆசியர்கள் கைவிடப்பட்டார்கள். கொர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் எம். சரவணமுத்து, இலங்கைத் தமிழர். ஆளில்லாத நகரத்தில் சேவைக் குழு அமைத்து ஒழுங்கைக் காத்தவரும் அவர்தான். வானொலி நிலையம் அழிக்கப்படாமல் விடப்பட்டது, ஜப்பானியர் அதையே தங்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் வானொலியில், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் அகற்றப்பட்டுவிட்டதாகப் பேசினார். அகற்றப்பட்டவர்கள் யார் என்று தெரிந்த ஆசிய மக்களை அந்தப் பேச்சு குண்டைவிட ஆழமாகப் புண்படுத்தியது. இனிமேல் வெளியேற்றத்தில் இனப் பாகுபாடு இருக்காது என்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் உறுதி சொல்ல வேண்டியதாயிற்று. அன்று கேலப் கணிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் வெள்ளையர் மேலிருந்த மதிப்பு விழுந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. குண்டு விழுந்த நாளைவிட, அவர்கள் சொல்லாமல் கிளம்பிய இரவுதான் அது.

டெட் காலத்திலும் நாம் வெறும் பார்வையாளர்கள் அல்ல. 1968 ஜனவரி 16-இல்தான் பிரிட்டன், 1971 முடிவுக்குள் தன் படைகளை மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விலக்கிக்கொள்வதாக அறிவித்திருந்தது. இரண்டு வாரத்தில் டெட். வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்கள் ஓய்வு விடுப்புக்கு வந்த ஊர்களில் பினாங்கும் கோலாலம்பூரும் அடங்கும். அந்தக் காலத்து இங்குள்ள தமிழ், மலாய், சீனப் பத்திரிகைகள் டெட் செய்தியை எப்படி வெளியிட்டன என்று யாராவது முறையாகத் தொகுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் சில கோரிக்கைகள். போர் குறித்த கருத்துக் கணிப்பை வெளியிடும்போது, எந்தத் தேதிகளில் எடுத்தது, எத்தனை பேரிடம் கேட்டது, கேள்வியின் சொற்கள் என்ன, யார் பணம் கொடுத்து எடுத்தது ஆகிய நான்கையும் ஒரே வரியில் சேர்த்துப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் விளக்கப்படத்தைச் சிறிதாக்குங்கள். தாக்குதலுக்கு முன்பு கேட்ட அதே கேள்விதான் பின்பும் கேட்கப்பட்டதா என்று உங்கள் செய்திப் பிரிவு ஒருமுறை சரிபார்க்கட்டும். வேறு வேறு கேள்விகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இல்லாத மாற்றம் இருப்பதுபோல் தோன்றும்.

முதல் மணி நேரச் செய்திகளில், தகவல் யார் சொன்னது, அந்த ஊர் நேரப்படி எப்போது சொன்னது என்பது இருக்க வேண்டும். 'பிடித்துவிட்டார்கள்' என்று வந்தால் எதை என்று கேளுங்கள்: மதிலையா, வளாகத்தையா, கட்டடத்தையா? இறப்பு எண்ணிக்கையில் எந்தத் தரப்பின் கணக்கு, பொதுமக்களும் அதில் அடக்கமா என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். தாக்குதல் நடந்து இரண்டு நாளில் வரும் கணிப்பை வைத்து 'மக்கள் மனம் மாறியது' என்று தலைப்பு போடாமல், ஆறு வாரம் கழித்து அதே கேள்வியின் விடையையும் தேடிப் போடுங்கள். அந்த இரண்டாவது செய்தி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

அந்த ஞாயிறு கட்டுரைக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில், மாணவர் கண்ணில் படும்படி வர வேண்டும். பிப்ரவரித் தொடக்கத்தில் பருந்துகள் 61, மார்ச் நடுவில் 41, இடையில் மார்ச் 10-ஆம் தேதிச் செய்தி. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு